இரண்டாயிரம் ரூபாயில் முதல் கொலு: எதைச் செய்யலாம், எதை வாங்கலாம், எதைத் தொடவே வேண்டாம்

கேள்வியின் சுருக்கம் இது: வாடகை வீடு, ஆறு வயதிலும் பத்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், இந்த ஆண்டுதான் முதன்முதலாகக் கொலு. கையில் இருப்பது இரண்டாயிரம் ரூபாய். பொம்மை, அலங்காரம், வருகிறவர்களுக்குத் தாம்பூலம் எல்லாவற்றையும் பிள்ளைகளோடு சேர்ந்து வீட்டிலேயே செய்துவிட முடியுமா?

பெரும்பாலானவற்றைச் செய்யலாம். ஆனால் எல்லாமே கைவேலையாக இருக்க வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொள்ள வேண்டாம். கைவேலை என்றால் மலிவு என்று நம்பிக் கடைக்குள் நுழைகிறவர்கள் மினுமினுக் காகிதம், ஃபோம் ஷீட், கல் பதித்த ஸ்டிக்கர், தெர்மோகோல், பசைத் துப்பாக்கி என்று அள்ளிக்கொண்டு வருவார்கள். பில்லைப் பார்த்தால் அந்தக் காசுக்கு நல்ல பொம்மையே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். நான் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். செய்கிற பொருள் ஆண்டுதோறும் பெட்டியிலிருந்து எழுந்து படியேற வேண்டும். இல்லையென்றால் பத்தாம் நாள் மண்ணோடு மண்ணாகப் போய்விட வேண்டும். இந்த இரண்டிலும் சேராததற்குப் பணமும் வேண்டாம், நேரமும் வேண்டாம். தெர்மோகோல் கோபுரம் அப்படிப்பட்ட இரண்டுங்கெட்டான். ஸ்பிரே பெயின்ட் பட்டால் அரித்துக் குழி விழும். அடுத்த ஆண்டு பரணிலிருந்து இறக்கும்போது மூலை உடைந்திருக்கும். குப்பையில் போட்டால் மட்கவும் செய்யாது.

முதலில் படி. முதல் கொலுவுக்கு மூன்று படி தாராளம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் போதும், ஒன்பது படி கட்டித்தான் ஆக வேண்டும் என்று எந்த அம்மனும் கேட்கவில்லை. மளிகைக்கடையில் பிஸ்கட், எண்ணெய் வந்த அட்டைப்பெட்டிகளைக் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வெறும் பெட்டியாக அடுக்கினால் நடுவில் அமுங்கும்; பழைய நோட்டுப் புத்தகம், செய்தித்தாள் கட்டு, அரிசிப் பை என்று கனமான எதையாவது உள்ளே திணித்து, வாயை டேப் போட்டு ஒட்டுங்கள். மேலே ஒரு பலகை. படிக்குப் படி உயர வித்தியாசம் 20 செ.மீ., அகலம் 25 முதல் 30 செ.மீ. வரை இருக்கட்டும். உயர வித்தியாசம் அதைவிடக் குறைந்தால் முன்படிப் பொம்மையின் தலை பின்படிப் பொம்மையின் முகத்தை மறைக்கும். வீட்டில் இரும்பு டிரங்குப் பெட்டி இருந்தால் அதுதான் மேல்படி.

மூடுவதற்கு வெளுத்த எட்டு முழ வேட்டி ஒன்று. மூலைகளில் மடிப்பு வைத்துக் குண்டூசியால் பலகையின் அடியில் இழுத்துக் குத்துங்கள். பழைய பட்டுப்புடவை கிழிந்து கிடந்தால் அதன் கரையை மட்டும் வெட்டி ஒவ்வொரு படியின் விளிம்பிலும் தைத்துவிடலாம். தையல் பெரிது பெரிதாக ஓட்டுத்தையலாகவே இருக்கட்டும், முடிந்ததும் பிரித்து வைத்துக்கொள்ளலாம். பின்னணிக்கு ஒரு நல்ல புடவை. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க முடியாது, இருபக்க டேப் ஒட்டினால் உரிக்கும்போது சுவர்ப்பூச்சும் சேர்ந்து வரும். ஒரு ஜன்னல் கம்பியிலிருந்து இன்னொரு ஜன்னலுக்கோ பீரோ கைப்பிடிக்கோ கயிறு கட்டி, துணி உலர்த்தும் கிளிப் மாட்டிப் புடவையைத் தொங்கவிடுங்கள். பட்டில் குண்டூசி குத்தாதீர்கள், துளை மறையாது.

இனி முக்கிய வேலைக்கு வருகிறேன். உங்கள் நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள் என்பேன்: காகிதக் கூழ் பொம்மை.

இது ஒன்றும் புதிதாக வந்த கலை அல்ல. கிராமத்து வீடுகளில் பாட்டிமார் பழைய காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்து அரைத்துக் கூடை செய்ததுண்டு. ஓட்டை விழுந்த முறத்துக்கு அதையே பூசி அடைத்ததும் உண்டு. வெந்தயத்தின் பிசின் காகித நாரைப் பிடித்துக்கொள்ளும், அதன் கசப்புக்குப் பூச்சி எளிதில் வராது என்பது அவர்கள் கணக்கு. மதுரைப் பக்கம் விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் பொம்மை செய்கிறவர்கள் கையாளும் கூழும் அடிப்படையில் இதே வகைதான். அவர்களிடம் அச்சு உண்டு, தலைமுறைப் பழக்கம் உண்டு. நமக்கு இரண்டும் இல்லாததால் எதைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பதில் புத்தியைக் காட்ட வேண்டும்.

கூழ் தயாரிக்கும் முறை: செய்தித்தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழித்த விளிம்பில் நார் வெளியே நிற்கும், பிறகு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். இது ஆறு வயதுப் பிள்ளைக்கு உகந்த வேலை, அலுக்காமல் செய்யும். வழவழப்பான வார இதழ்த் தாள் வேண்டாம், ஊறாது. இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பழைய மிக்ஸி ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாக, நிறையத் தண்ணீர் விட்டு, விட்டுவிட்டு அரையுங்கள். தண்ணீர் குறைந்தால் மோட்டார் சூடாகிப் புகையும். அரைத்ததைப் பருத்தித் துணியில் கட்டிப் பிழியுங்கள். ஒரு கிலோ காகிதத்துக்கு ஊறவைத்து நன்றாக அரைத்த வெந்தயம் 100 கிராம், மைதாப் பசை இரண்டு கிண்ணம் சேர்த்துப் பிசைந்தால் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்கு வரும். மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர், வெண்மை மாறிப் பளபளப்பு வரும்வரை கிளற வேண்டும். புத்தகம் பைண்டிங் செய்கிறவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். பிள்ளைகள் கைவைக்கும் கூழில் அதைச் சேர்க்கவே கூடாது, வெந்தயம் போதும்.

கூழை அப்படியே உருட்டிப் பெரிய பொம்மையாக்கினால் உள்ளே காயாது. வெளியே காய்ந்து உள்ளே பூசணம் பிடிக்கும். அதனால் உள்ளீடு வேண்டும். சின்ன தண்ணீர் பாட்டிலில் பாதிக்கு மணல் நிரப்பி மூடினால் அதுவே உடம்பு; மணல் இருப்பதால் காற்றுக்கும் கைபட்டும் சாயாது. மூடியின் மேல் கசக்கி உருட்டிய காகித உருண்டையை நூலால் இறுக்கிக் கட்டினால் தலை. இதன் மேல் நேரடியாகக் கூழைப் பூசாதீர்கள். காயும்போது கூழ் சுருங்கும், பாட்டில் சுருங்காது. விளைவு, முதுகில் மேலிருந்து கீழாக ஒரு நீள வெடிப்பு. முதலில் இரண்டு விரல் அகலத்துக் காகிதப் பட்டைகளைப் பசையில் தோய்த்து, ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்று ஒட்டுங்கள். அது காய்ந்த பிறகு கூழை மெல்லிசாக, அரை செ.மீ.க்கு மேற்படாமல், மூக்கு, கன்னம், கொண்டை, தோள் போன்ற மேடான இடங்களுக்கு மட்டும் வையுங்கள். காயவைப்பது நிழலில், காற்றோட்டத்தில். உச்சி வெயிலில் வைத்தால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு கோணும். மூன்று நான்கு நாள் ஆகும். ஆகையால் இந்த வேலையை ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். மழை ஈரம் ஏறிவிட்டால் ஒரு வாரமானாலும் பொம்மை சில்லென்றே இருக்கும்.

காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, விரிசல்களைச் சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்து அடைத்து, சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை டிஸ்டெம்பரை ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் போதும். பத்து வயதுப் பிள்ளை போஸ்டர் கலரில் வண்ணம் தீட்டலாம். முகத்தில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். திறந்த கண் வரைவது பொம்மைக்காரர்களே கடைசிவரை ஒத்திப்போட்டு, கை நிதானமாக இருக்கும்போது செய்கிற வேலை. நாமெல்லாம் இமை மூடிய கண்ணாக ஒரே ஒரு வளைகோடு போட்டுவிட்டால் பாட்டுக் கச்சேரி பாகவதரும் தியானத்தில் இருக்கும் முனிவரும் தூங்கும் குழந்தையும் கிடைத்துவிடுவார்கள்.

சாமி உருவங்களை முதல் ஆண்டிலேயே முயல வேண்டாம் என்பது என் கருத்து. கை கூடாத பிள்ளையாரை அப்பாற்போட மனம் வராது, வைத்துக்கொண்டு பார்க்கவும் முடியாது. அதற்குப் பதிலாகச் சந்தை வையுங்கள். கூழில் கத்தரிக்காய், பூசணி, வாழைத்தார், வெங்காயம் எல்லாம் சின்னச் சின்னதாக உருட்டுவது பிள்ளைகளுக்கு ஆட்டம். சின்னதாக இருப்பதால் சீக்கிரம் காய்ந்தும்விடும். பூசணிக்கு ஈரமாக இருக்கும்போதே தையல் நூலை மேலிருந்து கீழாகச் சுற்றி இழுத்தால் வரி விழும். கத்தரிக்காயின் தலையில் உண்மையான மிளகாய்க் காம்பைச் செருகிவிட்டால் பார்க்கிறவர்கள் எடுத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். இரண்டு பாட்டில் மூடியும் ஒரு ஈர்க்குச்சியும் நூலும் சேர்ந்தால் தராசு. காய்கறிக்காரி மட்டும் பாட்டில் உடம்புப் பொம்மை.

இந்தச் சந்தைக்குப் பக்கத்தில் செட்டியார் கடை பொருத்தமாக அமையும். செட்டியார், செட்டிச்சி ஜோடிக்கு முன்னால் அரிசி, பருப்பு, மிளகு, வெல்லம் பரப்புவது பழைய வழக்கம். இதையும் ஆறு வயதுக்காரரிடம் ஒப்படைக்கலாம். பாட்டில் மூடிகளில் தானியங்களைக் குவித்து, சுருட்டிய காகிதப் பொட்டலங்களை அடுக்கி, தீப்பெட்டியைக் கல்லாப்பெட்டியாக்கி உள்ளே ஒரு ரூபாய் நாணயம் போட்டுவிட்டால், ஒன்பது நாளும் கடை வியாபாரத்தைக் கவனிக்க ஆள் கிடைத்துவிடும். தானியத்தை ஒட்ட வேண்டாம், எறும்பு வந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

செட்டியார் ஜோடியைத்தான் காசு கொடுத்து வாங்கச் சொல்வேன். உங்கள் இரண்டாயிரத்தில் பாதி அதற்குப் போகட்டும். ஆண்டுக்கு ஒரு புதுப்பொம்மையாவது வாங்குவது வழக்கம், அது செய்கிறவர்களின் அடுப்பெரியவும் உதவும். மயிலாப்பூர் வடக்கு மாட வீதி, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, பூம்புகார் நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் கொலுக் கண்காட்சி என்று போய்ப் பார்க்க இடங்கள் உண்டு. உங்கள் ஊர்க் கோயில் வாசலில் விரிப்புப் போட்டு விற்கிறவரிடமும் கிடைக்கும். வாங்கும்போது அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். மேலே எவ்வளவு பளபளத்தாலும் வண்ணம் பூசாத அடிப்பகுதி பொருளைக் காட்டிக்கொடுக்கும். கையில் கனத்தால் களிமண், லேசாக இருந்தால் காகிதக் கூழ், வெள்ளை வெளேரென்று நகத்தில் மாவு ஒட்டினால் பிளாஸ்டர். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் காகிதக் கூழ்தான் நல்லது, விழுந்தாலும் மூக்கு மட்டுமே போகும். அதை ஒட்டத்தான் உங்களிடம் கூழ் இருக்கிறதே.

மரப்பாச்சி வாங்குவதற்கு முன் அம்மா வீட்டிலும் மாமியார் வீட்டிலும் பரணைத் தேடச் சொல்லுங்கள். பல குடும்பங்களில் அது கல்யாணத்தோடு வந்த சீர். எங்கோ ஒரு ஜோடி தூங்கிக்கொண்டிருக்கும். கிடைத்தால் உடுத்திவிடுங்கள். ஒரு சாண் உயர மரப்பாச்சிக்கு முக்கால் மீட்டர் நீளமும் பொம்மையின் இடுப்பிலிருந்து கால்வரை அகலமும் உள்ள பட்டுத் துண்டு போதும். சரிகைக் கரை பாதத்தில் வரும்படி வைத்து, முன்கொசுவத்தை ஊசி நூலால் இரண்டு தையல் போட்டு நிறுத்துங்கள். ஃபெவிகால் பட்டால் பட்டு கறைபட்டு விறைத்துக்கொள்ளும். அறுந்த முத்துமாலை, ஒற்றைத் தோடு, ஜிமிக்கியின் தொங்கல் எல்லாம் மரப்பாச்சிக்கு நகையாகப் போகும்.

சாய்த்தாலும் விழாத பொம்மை ஒன்றும் செய்து பார்க்கலாம். புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர்ப் பொம்மையில் இரண்டு வகை உண்டு: தலையும் இடுப்பும் தனித்தனியே ஆடும் நாட்டியக்காரி, எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும் ராஜா ராணி. இரண்டாவதன் சூட்சுமம் எளிது, அடியில் உருண்டையான கனம், மேலே எடையில்லாத உடம்பு. தேங்காய் மூடியில் கண் இல்லாத பக்கத்தை எடுத்து, நார் போகச் சுரண்டி, கால்வாசிக்கு ஈரக் களிமண்ணை அழுத்திக் காயவிட்டு, வாயில் மெல்லிய காகிதக் கூம்பை ஒட்டி முகம் வரைந்துவிட்டால் ஆயிற்று. எழுந்து நிற்காவிட்டால் மேற்கூம்பு கனம் என்று அர்த்தம். அட்டையை விட்டுவிட்டுச் செய்தித்தாளில் செய்யுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இதில் பள்ளிக்கூட அறிவியல் ஒரு பாடமும் சேர்ந்து கிடைக்கிறது.

படிக்குக் கீழே தரையில் பூங்கா. இது மண்ணுக்குத் திரும்புகிற வகை, செலவு இருபது முப்பது ரூபாயில் அடங்கும். பழைய தட்டு அல்லது டிரேயில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குச் சலித்த மண்ணோ தென்னை நார்க்கழிவோ பரப்பி, கடுகை அடர்த்தியாகத் தூவி, தண்ணீர் தெளித்து இரண்டு நாள் தட்டுப் போட்டு மூடி வையுங்கள். முளைவிட்டதும் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஆறேழு நாளில் நான்கைந்து செ.மீ. உயரத்துக்கு வந்துவிடும். ஆகவே அமாவாசையன்று படி கட்டுகிறீர்கள் என்றால், அதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு டிரே, கொலு தொடங்கும் அன்று இன்னொரு டிரே என்று விதையுங்கள். முதல் டிரே ஐந்தாம் நாளுக்குப் பிறகு தலைசாய்ந்து மஞ்சளிக்கும்போது இரண்டாவது தயாராக இருக்கும். புல்தரை மாதிரி மெல்லிசாக வேண்டுமானால் கேழ்வரகு, உயரமான வயலுக்கு நெல். செடி ஜன்னல் பக்கமே சாயும். தினமும் காலையில் டிரேயைத் திருப்பி வைப்பதைப் பிள்ளைகளின் கடமையாக்குங்கள்.

மலை வேண்டுமா? கிழிந்த கோணிச் சாக்கை மைதாப் பசையில் முக்கி, கவிழ்த்துப்போட்ட வாளி, டப்பாக்கள் மேல் மடிப்பு மடிப்பாகப் போர்த்திக் காயவிடுங்கள். விறைத்து நின்றுவிடும், உள்ளிருக்கும் டப்பாவை உருவிக்கொள்ளலாம். குளத்துக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, பாதைக்கு ஆற்று மணல் அல்லது கோலப்பொடி, வீடுகளுக்குத் தீப்பெட்டி. இதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளே கார், யானை, கிரிக்கெட் மைதானம் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். வைக்கட்டும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். நீங்கள் கட்டியிருப்பது முழுக்கக் காகிதமும் துணியும். குத்துவிளக்கு படியிலிருந்து ஓர் அடிக்காவது விலகி, தொங்கும் புடவையின் காற்றசைவுக்கு எட்டாத இடத்தில், தாம்பாளத்தின் மேல் இருக்க வேண்டும். சீரியல் பல்பு எல்இடி வகையாக இருக்கட்டும், தூங்கப் போகும்போது சுவிட்சை அணைத்துவிட வேண்டும். பூங்காவுக்குத் தெளிக்கிற தண்ணீர் ஓடும் பக்கம் ஒயர் படுத்துக் கிடக்கக் கூடாது.

தாம்பூலம்தான் சத்தமில்லாமல் பட்ஜெட்டைத் தின்னும் இடம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் கூடவே ஒரு ரவிக்கைத் துணியும் என்றால் இரண்டாயிரம் ஒரு மாலையில் போய்விடும். பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுங்கள். நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் 110 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 55 செ.மீ. நீளமும் 27 செ.மீ. அகலமுமான துண்டுகள் நாற்பது வரும். நைந்த இடங்களைக் கழித்தாலும் முப்பதுக்குக் குறையாது. ஒவ்வொரு துண்டையும் குறுக்கே இரண்டாக மடித்து, பக்கங்களைத் தைத்து, வாயில் நாடா ஓட இடம் விட்டு மடித்தால் சுருக்குப் பை. நாடாவைப் புடவைக் கிழிசலிலேயே முறுக்கிக்கொள்ளலாம். தையல் இயந்திரம் இல்லாவிட்டால், ஒரு நாளில் எல்லாவற்றையும் கையால் தைக்க உட்காராதீர்கள், முதுகு விட்டுப்போகும். மாலையில் நாலைந்து என்று ஆவணி முழுக்கத் தைத்து வையுங்கள். உள்ளே வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், சுண்டல் பொட்டலம். வாங்கிக்கொண்டு போகிறவர் அந்தப் பையைப் பயன்படுத்துவார். டப்பாவோ அடுத்த வீட்டுக் கொலுவில் உங்களிடமே திரும்பி வரும்.

பணக் கணக்கு என்று பார்த்தால் பாதி பொம்மைக்கு. மீதியில் வண்ணம், பிரஷ், ஒரு டப்பா பசை, சீரியல் விளக்கு ஒன்று, விதை. மிஞ்சுவதை ஒன்பது நாள் சுண்டலுக்கும் பூவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவை மறந்துவிட்டுத்தான் பலர் ஐந்தாம் நாளில் கையைப் பிசைகிறார்கள்.

கடைசியாக, எடுத்து வைப்பது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிட்டு மறுநாள் பிரிக்கும்போது, காகிதக் கூழ் பொம்மைகளை அரை நாள் காற்றாட வைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி, வாய் இறுக மூடும் தகரப் பெட்டியில் வையுங்கள். அட்டைப்பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினால் கரையானும் வெள்ளிப்பூச்சியும் உங்களுக்கு முன்னால் பிரித்துவிடும். நாப்தலின் உருண்டை வண்ணத்தைக் கெடுக்கும், அதனால் வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போடுங்கள். கூழ்க் காய்கறிகளைத் தனியாக ஒரு டப்பாவில், எத்தனை கத்தரிக்காய் எத்தனை பூசணி என்று பிள்ளை கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டி வையுங்கள். கடுகு டிரேக்கள் தொட்டிச் செடிக்கு உரமாகப் போகட்டும்; அட்டைப்பெட்டிகளைப் பழைய பேப்பர்க்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.